ஆறு சிலிண்டருக்குப் போட்ட தையல்

1

தண்ணீர் இரும்பை உடைக்கும் என்று கல்முனையில் யாராவது என்னிடம் சொல்லியிருந்தால், அவரைக் கடைக்குக் கூட்டிப்போய் ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து, "வெயில் கூட, கொஞ்சம் இரிந்துட்டுப் போங்க" என்று ஆறுதல் சொல்லியிருப்பேன். தண்ணீர் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். உப்புத் தண்ணீர் தின்னும். உடைப்பது எங்கள் ஊர்த் தண்ணீருக்குத் தெரியாத வேலை. இந்த அவுஸ்திரேலியாத் தண்ணீருக்கு அது நன்றாகத் தெரிந்திருக்கிறது.

நான் ஆதம்லெவ்வை. கல்முனைக்குடியில் லொறி எஞ்சின் திருத்தின ஆள். எங்கள் பக்கத்தில் கைவேலை தெரிந்தவரை பாஸ் என்பார்கள். மேசன் பாஸ், ஓடாவி பாஸ் மாதிரி நான் எஞ்சின் பாஸ். எழுத்து எனக்கு ஓடாது. நான் சொல்லச் சொல்ல என் மனைவி சுபைதா எழுதுகிறாள். அவள் சாதாரண தரம் வரைக்கும் படித்தவள். நான் வழி தவறிப் போனால் பேனையை மூடிவைத்துவிட்டு, "இஞ்சேருங்க, லொறிக்கு வாங்க" என்பாள். அப்படியிருந்தும் சில இடங்களில் தவறியிருப்பேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடல் ஊருக்குள் வந்தபோது என் கராஜ் போனது. அதற்குப் பிறகுதான் சுபைதாவின் காக்கா, அவளுடைய அண்ணன், மெல்பேர்னில் இருந்து எங்களைக் கூப்பிட்டெடுத்தார். அங்கே எனக்கு பிஸ்கட் பெட்டி அடுக்குகிற வேலை. குறை சொல்லமாட்டேன், அந்தப் பெட்டிகள்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தன. ஆனால் இருபது வருசத்துக்குக் கிட்ட நான் சம்பளத்துக்கு ஒரு ஸ்பானர் பிடிக்கவில்லை. பிஸ்கட் வாசம் உடம்பில் ஏறி, பெருநாளைக்கு அத்தர் பூசினாலும் பிஸ்கட்தான் மணக்கும்.

போன வருசம் மகள் நஸ்ரினுக்கு உள்நாட்டில், கோதுமை விளைகிற ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்தது. நாங்களும் அவளோடு வந்துவிட்டோம். எங்கள் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். மகளுக்கு வாப்பா வீடு கட்டிக் கொடுப்பார், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து இருப்பார். இங்கே மகள் வங்கியில் கடன் எடுத்துத் தானே வீடு வாங்கினாள், வாப்பா அந்த வீட்டுக்கு வந்து இருக்கிறேன். மருமகனுக்கும் எனக்கும் இப்போது ஒரே உத்தியோகம்.

சுபைதா பேனையை மூடிவிட்டாள். லொறிக்கு வருகிறேன்.

2

ஒருநாள் நஸ்ரின் வேலை முடிந்து வந்து சோற்றுக்கு முன்னால் இருந்தபடி சொன்னாள்: "வாப்பா, இண்டைக்கு ஒரு கிழவி மணிக்கட்டு முறிஞ்சு வந்தா. லொறி ஸ்டார்ட் பண்ணுற கம்பி திருப்பி அடிச்சிட்டாம்."

நான் சோற்றை விட்டு நிமிர்ந்தேன். "கம்பி போட்டுச் சுத்துற லொறியா? எந்த லொறி?"

"அத நான் கேக்கல்ல. எந்தக் கை எண்டுதான் கேட்டன்."

"எத்தின சிலிண்டர்?"

"வாப்பா, நான் நர்ஸ்."

அந்த வாரக் கடைசியில் நஸ்ரின் என்னைக் கூட்டிப்போனாள். ஜோன் என்று பெயர். ஏறக்குறைய என் வயது. புருசன் மௌத்தாகி, கோதுமைக் காணியில் தனியே இருக்கிறார். மகன் பீட்டர் பக்கத்துக் காணியில். ஜோனுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இங்கிலீஸ் அரைகுறை. அவர் சொன்னதை நான் எனக்கு விளங்கின மாதிரி எங்கள் பேச்சிலேயே இங்கே போடுகிறேன்.

தகரக் கொட்டிலுக்குள் லொறி நின்றது. உருண்ட முகம், மரத் தட்டு, முன்னால் கம்பி போடுகிற துவாரம். ஜோன் ஒற்றைக் கையால் பொனட்டைத் தூக்கினார். உள்ளே ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில், தொழுகைக்கு ஸஃப் கட்டி நின்ற மாதிரி. இருபது வருசத்துக்குப் பிறகு பார்க்கிறேன். என் வாயில் மாஷா அல்லாஹ் தானாக வந்தது.

இந்த வரிசை எஞ்சினுக்கு ஒரு குணம் உண்டு. நடுங்காது. ஒன்று ஏற ஒன்று இறங்கி, ஒன்றின் உதறலை மற்றது வாங்கிக்கொள்ளும். சரியாகத் திருத்தின ஆறு சிலிண்டரின் தலையில் ஒரு கோப்பை தேத்தண்ணியை வைத்துவிட்டுக் கதைத்துக்கொண்டிருக்கலாம். ஊரில் அப்படி வைத்துக் குடித்திருக்கிறேன். ஜோனின் எஞ்சின் அப்படி இல்லை. பொறி முந்தி விழுந்தது. அதனால்தான் கம்பி திருப்பி அடித்து அவருடைய கையை முறித்தது. எண்ணெய் ஒழுகியது. வால்வுகள் கருகியிருந்தன.

பீட்டரும் வந்தார். நல்ல பிள்ளை, உயரமான ஆள். கொட்டிலின் மூலையில் பலகைத் தட்டில் பொலித்தீன் சுற்றி ஒரு புது எஞ்சின் இருந்தது. பீட்டர் வாங்கி வைத்தது. பழையதை இறக்கிப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிட்டு இதை ஏற்றப்போகிறாராம்.

"சாவியத் திருப்பினா ஸ்டார்ட் வரும். உம்மாக்கு இனிக் கை முறியாது" என்றார். அவர் சொன்னதில் பிழை இல்லை. என் உம்மா என்றால் நானும் அதையே சொல்லியிருப்பேன்.

நான் ஜோனைப் பார்த்தேன். "உங்களுக்கு என்ன விருப்பம்?"

"இது என்ட வாப்பாட லொறி" என்றார். "அவருக்குக் கால் ஏலாமப் போன வருசம் நான்தான் இதில கோதும ஏத்தின. இது ஏத்தத்தில என்ன கேக்குது, எப்ப கியர் மாத்தச் செல்லுது எல்லாம் எனக்கு விளங்கும். அந்தப் புதுசு கதைக்கிறது எனக்கு விளங்காது."

இதைக் கேட்டபிறகு நான் எப்படிச் சும்மா வருவது? பீட்டரிடம் சொன்னேன்: "சாவியால ஸ்டார்ட் வர வெச்சித் தாறன். எண்ணெய் ஒழுகாது. இண்டைய பெற்றோலுக்கு ஓடும். எஞ்சின் இதேதான்."

பீட்டர் தாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கடைசியில் ஒரு பேச்சு முடிந்தது. இந்த ஊரில் வருசத்துக்கு ஒருமுறை விவசாயக் கண்காட்சி நடக்கும், பழைய லொறிகள் எல்லாம் ஊர்வலம் போகும். அதற்கு முந்தின வாரம் ஜோனின் லொறி முழுப் பாரம் ஏற்றித் தண்ணீர்த் தாங்கி நிற்கிற மேட்டுக்கு ஏற வேண்டும். ஏறினால் பழைய எஞ்சின் இருக்கும். ஏறாவிட்டால் புதுசு ஏறும், பழையது இரும்புக்குப் போகும்.

அன்றிலிருந்து எனக்கு உத்தியோகம் மாறிவிட்டது. எஞ்சினை இறக்கிக் கடைசி ஆணி வரை கழற்றினேன். அந்தக் காலத்து எஞ்சினில் பெயாரிங்குக்குப் பதிலாக ஈயம் உருக்கி வார்த்திருப்பார்கள், அதைச் செதுக்கி எடுத்துவிட்டு இந்தக் காலத்துப் பெயாரிங் உட்காருவதற்கு இடம் கடைவித்தேன். முன்னைய பெற்றோலில் ஈயம் இருந்தது, அது வால்வுக்கு மெத்தை மாதிரி. இன்றைய பெற்றோலில் அது இல்லை என்பதால் வால்வு உட்காருகிற இடங்களுக்கு உறுதியான வளையங்கள் போட்டேன். பின்பக்கம் கயிற்றால் எண்ணெய் மறித்த இடத்துக்கு ரப்பர் சீல். ஆறு வோல்ட்டைப் பன்னிரண்டாக்கினேன். வெளியில் இருந்து பார்த்தால் ஒன்றும் மாறவில்லை.

சாமான்களை நஸ்ரின் போனில் தேடி எடுத்துத் தந்தாள். ஒருமுறை மட்டும் நானே கடைக்குப் போய், "சைலன்சர் வேணும்" என்று கேட்டேன். இங்கே அதற்கு வேறு பெயராம். இங்கே சைலன்சர் என்றால் துவக்குச் சூட்டின் சத்தத்தை அடக்கப் பூட்டுகிற சாமானாம். கடைப் பொடியன் என் தாடியைப் பார்த்தான், தொப்பியைப் பார்த்தான், உள்ளே போய் முதலாளியைக் கூட்டி வந்தான். நான் வாயால் லொறிச் சத்தம் போட்டுக் காட்டி, பின்னால் புகை போகிற இடத்தைக் கையால் காட்டினேன். முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். இப்போதும் என்னைக் கண்டால் அந்தச் சத்தத்தைத்தான் போடுகிறார், சலாத்துக்குப் பதிலாக.

எஞ்சின் ஏறியது. சாவியைத் திருப்பினேன், பிடித்தது. தேத்தண்ணிக் கோப்பையை வைத்தேன், அலையவில்லை.

ஒரு காரியம் மட்டும் இருந்தது. அந்த ரேடியேட்டருக்குள் முதலில் பச்சை நிறத்தில் ஒரு தண்ணீர் இருந்தது. நான் அதை வேலை தொடங்கும்போதே வெளியே ஊற்றிவிட்டேன். மெல்பேர்னில் புதுக் கார்களுக்கு அப்படி ஊற்றுவது எனக்குத் தெரியும், ஆனால் பழைய செம்பு ரேடியேட்டருக்கு அதெல்லாம் எதற்கு என்பது என் எண்ணம். எங்கள் ஊரில் கடற்கரைப் பக்கக் கிணறுகள் சவர், உப்புக் கரிக்கும். அந்தத் தண்ணீர் ஊற்றினால் ரேடியேட்டர் ஒரு வருசம் தாங்காது. அதனால் நல்ல பாஸ்மார் நற்பிட்டிமுனைப் பக்கம் வாய்க்காலில் கேனில் அள்ளி வந்துதான் ஊற்றுவோம். எந்தத் தண்ணீர் ஊற்றுகிறான் என்பதை வைத்தே பாஸை மதிப்பார்கள். இங்கே ஜோனின் கூரையில் இருந்து தாங்கியில் விழுகிற மழைத் தண்ணீர். அதைவிடச் சுத்தம் எங்கே கிடைக்கும்? சீலையில் வடித்து, பிஸ்மி சொல்லி, நிரப்பினேன். ஜோன் அந்த வாரம் பீட்டர் வீட்டில் இருந்தார்.

3

அது நாங்கள் இந்த ஊரில் கண்ட முதல் குளிர்காலம். சுபஹு தொழுதுவிட்டுக் கதவைத் திறந்தால் புல்லெல்லாம் வெள்ளை.

சுபைதா எட்டிப் பார்த்துவிட்டு, "யா அல்லாஹ், ஆரோ சீனி கொட்டியிரிக்காங்க" என்றாள்.

நானும் சிரித்தேன். லொறி நினைவுக்கு வரவில்லை. வெயில் ஏறத்தான் ஜோனின் கொட்டிலுக்குப் போனேன். பொனட்டைத் தூக்கினேன். எஞ்சினின் விலாவில், நடுச் சிலிண்டர்கள் பக்கம், கண்ணாடி மாதிரி ஒரு துண்டு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. தொட்டுப் பார்த்தேன். ஐஸ். தண்ணீர் உள்ளேயே உறைந்து, இடம் காணாமல் இரும்பைப் பிளந்துகொண்டு வெளியே வந்திருக்கிறது. பார்த்துக்கொண்டிருக்க அது கரைந்து சொட்டியது. வெடிப்பு என் கையால் ஒரு சாண் நீளம்.

ஜோன் வந்தார். ஒரு கையில் இன்னும் கட்டு. நான் வெடிப்பைக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். சொட்டின தண்ணீரை விரலால் தொட்டு மணந்தார்.

"வெறும் தண்ணியா ஊத்தின நீங்க?"

"ஓம். மழத் தண்ணி."

"ஒங்கட ஊரில ஐஸ் இல்லையா, ஆதம்?"

"இரிக்கி" என்றேன். "மீன் பெட்டிக்குள்ள."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இனி என்ன செய்யிற?" என்று கேட்டார். அப்போது அந்தக் குரலில் சிரிப்பு இல்லை.

பீட்டர் வந்து பார்த்தார். கத்தவில்லை. நகரத்தில் இப்படி வெடித்த எஞ்சின்களைத் திருத்துகிற ஒரு ஆளுக்கு எங்கள் முன்னாலேயே போன் எடுத்தார். கண்காட்சி முடிந்த பிறகுதான் கை வைக்கலாம் என்று பதில் வந்தது. அதே எஞ்சினுக்கு வேறு கூடு தேடினோம், கிடைத்தவை எல்லாம் இதைவிட மோசம்.

"ஆதம், நீங்க செய்த வேல நல்ல வேல" என்றார் பீட்டர். "ஆனா பேச்சுப் பேச்சுத்தானே." பொலித்தீன் சுற்றின புது எஞ்சினைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

"மேட்டுக்கு ஏறுற நாள் இன்னும் வரல்லயே" என்றேன்.

ஜோன் மகனிடம், "அந்த நாள் வரைக்கும் அவர்ர எஞ்சின்" என்றார்.

4

வீட்டுக்கு வந்ததும் சவரிமுத்துவுக்குப் போன் எடுத்தேன்.

சவரி சொறிக்கல்முனை. லேத் பட்டறை வைத்திருந்தவன், என் கூட்டாளி. இப்போது பட்டறையை மருமகன் பார்க்கிறான், இவன் வாசலில் கதிரை போட்டிருந்து பிழை சொல்கிறான். வாழ்நாளில் அவன் ஒரு வேலையை நல்லது என்று சொல்லி நான் கேட்டதில்லை. முகத்தைப் போனுக்கு மிகக் கிட்ட வைத்துக்கொள்வான், மூக்கு மட்டும்தான் தெரியும்.

"என்னடாப்பா ஆதம், பிஸ்கட் கம்பெனி துரை! இன்னும் இருக்கியா?"

"இரிக்கன் மச்சான். ஒரு ஆறு சிலிண்டர் வெடிச்சிட்டு."

"உனக்கு ஆர் லொறி தந்த? ஆர்ர பிழை?"

"தண்ணிட பிழை."

"தண்ணி தானா எழும்பி நடந்து போய் உள்ள இறங்கினதா?"

வெடிப்பைப் படம் எடுத்திருந்தேன், அனுப்பினேன். மூக்கு போனுக்கு இன்னும் கிட்ட வந்தது.

"இறக்காமத்து லொறி மாதிரியே கிடக்கு" என்றான்.

எனக்கும் அதுதான் மனதில் ஓடியது. அந்தக் கதையைச் சொல்லாமல் இது விளங்காது. சுபைதா, பேனையை மூடாதே.

யுத்தத்தில் பாதைகள் பூட்டிக் கிடந்த காலம். எங்கள் ஊர் அரிசி ஆலை ஹாஜியாரின் லொறி இறக்காமத்தில் நெல் ஏற்றிக்கொண்டு வந்தது. பொழுது பட்டு மைம்மல் நேரம், பாதையில் யானைக் கூட்டம். ட்ரைவர் லைட்டை அணைத்துவிட்டு, எஞ்சினை அணைக்கப் பயந்து ஓடவிட்டபடியே இருந்திருக்கிறார். நின்ற இடத்தில் ஓடி ஓடி எஞ்சின் கொதித்துத் தண்ணீர் முழுவதும் ஆவியாகிவிட்டது. யானை போனதும் இறங்கி, பயத்தில் வாய்க்காலில் ஒரு வாளி குளிர்ந்த தண்ணீரை அள்ளி அப்படியே ஊற்றினார். டொப் என்று விலா வெடித்தது.

கொழும்பில் இருந்து வேறு கூடு எடுக்க வழி இல்லை. வெல்டிங் வைத்தால் வார்ப்பிரும்பு ஒரு இடத்தில் ஒட்டும், பக்கத்தில் வெடிக்கும். வெடிப்பின் நெடுக ஆணி பூட்டித் தைக்கத் தெரிந்தவன் சவரி ஒருவன்தான். தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் பகைத்திருந்த அந்த நாளில் நான் சொறிக்கல்முனைக்குப் போவதும் அவன் கல்முனைக்குடிக்கு வருவதும் இரண்டு ஊரிலும் ஆட்களுக்குப் பிடிக்காத காரியம். வீட்டில் அழுவார்கள். எஞ்சின் கூட்டை ட்ரக்டர் பெட்டியில் வைத்து மேலே வைக்கோல் போட்டு மூடி, நற்பிட்டிமுனையில் ஒரு வயல்காரரின் சூடு மிதிக்கிற களத்துக்குக் கொண்டுபோனோம். சவரி மறுபக்கத்தால் சைக்கிளில் வந்தான், சாரத்துக்குள் துளை போடுகிற தமரும் திருகாணிகளும். அந்தக் களத்திலேயே தைத்தோம். நான் துளை போட்டேன், அவன் பூட்டினான். அந்த லொறி அதற்குப் பிறகு எத்தனையோ போகம் நெல் ஏற்றியது. ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை.

"நீ துளை மட்டும்தானே போட்ட நீ" என்றான் சவரி இப்போது. "பூட்டின ஆள் நான்."

"அதுதான் கேக்கன். செல்லு."

"முதல் வெடிப்புட ரெண்டு நுனியிலயும் துளை போடு. இல்லாட்டி அது ஓடிக்கொண்டே இருக்கும். மறுகா ஒரு ஆணி பூட்டி மிச்சத்தை வெட்டு. அடுத்த துளை முதல் ஆணியில கால்வாசியக் கடிச்சுக்கொண்டு போகணும். ஒண்டை ஒண்டு கடிக்காட்டித் தையல் இல்ல, வெறும் பொத்தான்."

"எவ்வளவு இறுக்குற?"

"அதைப் போனில சொல்லேலாது. கை சொல்லும். அவசரப்பட்டா உடைப்பாய். உனக்கு எப்பவும் அவசரம்."

நான் எப்போதும் மெதுவான ஆள். ஊரே சொல்லும்.

5

மெல்பேர்னில் இருக்கிற என் மகன் ரிஸ்வி அந்தக் கிழமை போன் எடுத்தான். அவன் கணக்காளர். தமிழில் தொடங்கி நடுவில் இங்கிலீசுக்குப் போய் அங்கேயே இருந்துவிடுவான். நான் வாசலில் நிற்கிற மாதிரி அவன் திரும்பி வரும்வரை நிற்பேன். "வாப்பா, ஒங்களுக்கு இது தேவையா? ரெஸ்ட் எடுங்களன்" என்றான். அவன் பிள்ளைகளுக்குத் தமிழில் என்னைக் கூப்பிடுகிற மூத்தாப்பா என்ற ஒரு சொல் மட்டும் வரும். அதற்குப் பிறகு சலாமும் சிரிப்பும்தான். நான் வருத்தப்படுகிறேன் என்று எழுதாதே சுபைதா. வருத்தம்தான், ஆனால் எழுதாதே.

ஜோனின் கொட்டிலில் வேலை நடந்தது. மெதுவாகத் துளையிடுகிற ஒரு பழைய மெசினை ஜோன் எங்கிருந்தோ எடுத்துத் தந்தார். முறியாத கையால் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். துளை, உள்ளே புரி வெட்டு, ஆணி பூட்டு, வெட்டு, சின்னச் சுத்தியலால் மெல்லத் தட்டு. அடுத்தது. வார்ப்பிரும்பு பாறை மாதிரி இருக்கும், ஆனால் பிஸ்கட் மாதிரி உடையும். இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன், இரண்டோடும் வேலை செய்தவன்.

அஸர் நேரம் வந்தால் நான் கையைக் கழுவிவிட்டு அங்கேயே ஒரு ஓரத்தில் தொழுவேன். ஜோன் அந்த நேரம் வெளியே போய்த் தன் நாய்க்குச் சோறு வைப்பார். திரும்பி வரும்போது ஒரு நிமிசம் கொட்டில் வாசலில் நின்று இருமுவார். நான் முடித்துவிட்டேனா என்று கேட்கிற இருமல். இதை நாங்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை.

சுபைதா ஒருநாள் பிட்டும் மீன் ஆணமும் கொண்டு வந்தாள். ஜோன் உறைப்பில் கண்ணீர் விட்டபடி கோப்பையை வழித்துச் சாப்பிட்டார். சுபைதா வெடிப்பைக் குனிந்து பார்த்துவிட்டு, "கொக்கத் தையல் மாதிரி இரிக்கி. என்ட கைக்கு இன்னும் நேரா வரும்" என்றாள். அவள் மணப்பெண்களுக்குச் சட்டை தைத்தவள், சொல்லலாம்.

சவரிக்கு வீடியோவில் காட்டினேன்.

"அஞ்சாவது கோணல்."

"கோணல் இல்ல. போன் கோணலாப் பிடிக்கன்."

"போனை நேரா பிடிக்கத் தெரியாதவன் ஆணிய எப்பிடி நேரா பூட்டுவான்? கழட்டிப் போடு."

இரண்டு நாள் அவனோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் அந்த ஐந்தாவதைக் கழற்றினேன். கோணல்தான். அதை மறுபடி பூட்டி முடித்து, கூட்டின் மற்றத் துளைகளை எல்லாம் அடைத்து, கைப்பம்பால் உள்ளே தண்ணீர் அடித்தேன். தையல் நடுவில் ஓரிடம் வியர்த்தது. ஒரே ஒரு புள்ளி. சுத்தியலால் தட்டினேன், பிறகும் வியர்த்தது. ஜோன் விளக்கைக் கிட்டக் கொண்டுவந்தார். கடைசி முறை மிக மெல்லத் தட்டிவிட்டு, பழைய சீலையால் துடைத்து, மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம், ஜோன், நான், நாய். காய்ந்தே இருந்தது.

தண்ணீரை உறையவிடாத அந்தப் பச்சைத் திரவத்தை ரேடியேட்டருக்கு ஜோனே எடுத்துத் தந்தார். நானே ஊற்றினேன். அவர் மூடியைப் பூட்டினார்.

6

மேட்டுக்கு நான்தான் ஓட்டிப்போக விரும்பினேன். ஆனால் என் பாரவாகன லைசன்ஸ் கடலோடு போனது. இங்கே கந்தோரில் அந்த லைசன்ஸின் பிரதியை ஊரில் இருந்து எடுத்து வரச் சொன்னார்கள். ஊர்க் கந்தோரில் கேட்டால் ஆளே நேரில் வந்து கைரேகை வைக்க வேண்டுமாம். லொறி ஓட்டுவதற்கு விமானம் ஏற வேண்டும். விட்டுவிட்டேன். ஜோனின் கை அதற்குள் ஆறி, கட்டும் அவிழ்த்தாயிற்று. அவர் ஓட்ட, நான் பக்கத்தில் இருந்தேன்.

பீட்டர் கோதுமை மூட்டைகளை அவரே ஏற்றினார். குறைக்கவில்லை. இரண்டு மூட்டை கூட ஏற்றினார் என்றுதான் நினைக்கிறேன். நஸ்ரினும் சுபைதாவும் பீட்டரின் வண்டியில் பின்னால் வந்தார்கள். அந்த வண்டியில் இழுக்கிற சங்கிலியும் தண்ணீர்ப் பீப்பாவும் இருந்ததை நான் கண்டேன்.

ஜோன் சாவியைத் திருப்பினார், பிடித்தது. தட்டையான பாதையில் நன்றாக ஓடியது. மேடு தொடங்கியதும் சத்தம் கனத்தது. எனக்கு எங்கே சொட்டும் என்ற எண்ணம் மட்டும். என் காது முழுவதும் அந்த விலாவில் இருந்தது. வளைவில் ஏற்றம் கூடியது. எஞ்சின் கொஞ்சம் தாழ்ந்து முனகியது. நான் "கியர்" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்கு முன்னமே ஜோனின் கை மாற்றிவிட்டது.

"கேட்டிச்சா?" என்றார் ஜோன், பாதையில் இருந்து கண் எடுக்காமல். "அதுதான் நான் சொன்ன. இது கேக்கும்."

உச்சிக்கு வந்து தண்ணீர்த் தாங்கிக்குக் கீழே நிறுத்தினார். எஞ்சினை அணைக்கவில்லை. பொனட்டைத் தூக்கினேன். சூட்டு அலை முகத்தில் அடித்தது. சீலையை எடுத்துத் தையல் நெடுகிலும் துடைத்துப் பார்த்தேன். காய்ந்த சீலை. பீட்டருக்கு நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை, தன் கைலேஞ்சியை எடுத்துத் தானே துடைத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இன்னொரு முறை துடைத்தார்.

பிறகு தாயிடம், "நான் அந்தப் புது எஞ்சின வித்துப்போடுறன்" என்றார்.

"மெதுவா வித்தாப் போதும்" என்றார் ஜோன். அவருடைய குரல் நடுங்கியது. எஞ்சின் நடுங்கவில்லை.

பின்னால் நின்ற சுபைதா நஸ்ரினிடம் சொன்னது எனக்குக் கேட்டது: "ஒங்கட வாப்பா இப்ப ஒரு கிழமைக்குச் சோறு கேக்க மாட்டாரு."

கண்காட்சியில் லொறி ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு பலகை வைக்க வேண்டும். வண்டி யாருடையது, எஞ்சின் எது என்று எழுத வேண்டும். அடுத்த நாள் ஜோன் பெயிண்டும் தூரிகையும் கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்தார். சிலர் தையலுக்கு மேல் பெயிண்ட் அடித்து மறைக்கச் சொன்னார்களாம். மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம்.

"லொறியோட வந்த முதல் எஞ்சின் எண்டு எழுதப் போறன். தச்சது ஆரெண்டும் எழுதணும். ஒங்கட பெயரச் செல்லுங்க."

"பெயர் வேணாம்" என்றேன். "தனிய நான் தைக்கல்ல. ஊரை எழுதுங்க. ரெண்டு ஊர்."

நஸ்ரின் எழுத்துக் கூட்டிச் சொன்னாள். ஜோன் நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினார். முதல் எஞ்சின். தையல்: கல்முனை. அதற்குக் கீழே சொறிக்கல்முனை. இரண்டாவதற்குப் பலகை போதாமல் கடைசி எழுத்துகள் ஒடுங்கி நின்றன. படம் எடுத்துச் சவரிக்கு அனுப்பினேன். போன் உடனே அடித்தது.

"பாத்தன். பெயிண்ட் பரவாயில்ல. என்ர ஊர் ஏன் கீழ நெரிஞ்சு கிடக்கு?"

"கை என்ட கை மச்சான்."

"அந்த அஞ்சாவதும் உன்ர கைதானே?"

நஸ்ரின் சிரித்ததைப் பார்த்து ஜோன் என்ன என்று கேட்டார். சொன்னாள். ஜோன் பலகையைத் திருப்பிப் பார்த்தார், ஒரு பெருமூச்சு விட்டார், வேறு பலகை, நீளமானது, எடுத்து வரப் போனார்.

கண்காட்சி நாளில் அந்தப் பலகைக்கு முன்னால் ஆட்கள் நின்று நின்று போனார்கள். அந்த நீளப் பெயரை வாய்க்குள் உருட்டிப் பார்த்துவிட்டு, பொனட்டுக்குள் குனிந்து தையலையும் பார்த்தார்கள். நான் பக்கத்தில் என் நல்ல சேட்டும் வெள்ளைத் தொப்பியும் போட்டுக்கொண்டு நின்றேன். கேட்டவர்களுக்கு எல்லாம், இரண்டு ஊருக்கும் இடையில் வயல்கள்தான், அதிக தூரம் இல்லை என்று சொன்னேன். ஊர்வலம் வெளிக்கிடும் முன்னம் பலகையோடு லொறியைப் படம் எடுத்து அனுப்பினேன். சொறிக்கல்முனை மேலே, கல்முனை கீழே.

வண்டி அசைந்தபோதுதான் சவரியின் பதில் வந்தது. நஸ்ரின் வாசித்துச் சொன்னாள்.

"இப்ப சரி."